தொலைவிலுள்ள கோப்புறையை நீக்கும் முறை

ஐதராபாத்தில் 1999-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இந்திய தேசிய கடல் தகவல் சேவை மையம், இந்துமாக் கடலில் மிதக்கும் ஆர்கோ கருவிகளின் அளவீடுகளைச் சரிபார்த்து வெளியிட்டு வருகிறது. பொதுவாகப் பத்து நாட்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு கருவியும் ஏறத்தாழ 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலெழுந்து, கடல்நீரின் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளந்து செயற்கைக்கோள் வழியே அனுப்புகிறது. ஒரு கருவிக்கு ஒரு கோப்புறை. ஒரு பயணத்திற்கு ஒரு கோப்பு என அவை சேமிக்கப்படுகின்றன.

இவற்றைப் படியெடுத்து வைப்போர், பழைய படிகளைத் தொலைவிலுள்ள சர்வரிலிருந்து நிரலின் மூலம் நீக்க நேரிடும். எஃப்.டி.பி. முறையில் கோப்பை நீக்க ஒரு கட்டளையும், கோப்புறையை நீக்க வேறொரு கட்டளையும் உண்டு. உள்ளே ஏதேனும் இருப்பின், பின்னதைச் சர்வர் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆகவே நிரல் முதலில் பட்டியலைப் பெற்றுக் கோப்புகளை நீக்கும். உட்கோப்புறை காணின் அதனுள்ளும் புகுந்து இவ்வாறே செய்யும். வெறுமையான கோப்புறையை இறுதியில் நீக்கும். பந்தல் பிரிப்போர் கீற்றை முதலில் இறக்கி, கம்பத்தைக் கடைசியில் பிடுங்குவதை இஃது ஒக்கும்.

இதில் அபாயமும் உண்டு. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில், காப்புப் படியெடுக்கும் நிரலை அது இயங்கும்போதே மாற்றியதால், 77 டெராபைட் ஆராய்ச்சித் தரவுகள் அழிந்தன. ஆதலின் நீக்கப்படுவனவற்றின் பட்டியலை முதலில் அச்சிட்டுப் பார்த்தல் வேண்டும். கோப்புறையின் பெயர் வெறுமையாக இருப்பின் நிரல் நின்றுவிட வேண்டும். வேறோரிடத்தில் படி இருப்பதை உறுதி செய்தல் வேண்டும். சென்ற மாதத்துக் கடலை மீண்டும் அளத்தல் எவராலும் இயலாது.