புழுவுக்குச் சோறு போட்ட கதை

சாப்பிட்டுக்கிட்டே இதைப் படிக்காதீங்க மக்களே. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது :-)

ஹூஸ்டன்ல நாலு பசங்க சேர்ந்து ஒரு பழைய வாடகை வீட்டில் இருக்கிறோம். மே மாசம் கொல்லைப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் தொட்டி வச்சு, காய்கறித் தோல், மிச்சச் சோறு எல்லாம் போட்டு மக்க வைக்க ஆரம்பித்தேன். ஜூன் கடைசியில் மூடியைத் திறந்தால்.... உள்ளே நெளி நெளின்னு புழு! ரூம்மேட் ஒருத்தன் அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை.

தேடிப் பார்த்ததில் தெரிந்தது, அது பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்கிற கருப்பு ஈயோட புழு. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. ஹூஸ்டன் வெயிலுக்குத் தானாகவே வந்து முட்டை போடும். ஈ பார்க்கக் குளவி மாதிரி இருக்கும், ஆனா கொட்டாது, கடிக்காது. முட்டையைச் சோற்று மேல போடாது, பக்கத்தில் காய்ந்த இடுக்கில்தான் போடும். தின்கிற வேலையெல்லாம் புழுவோடது. முழுசா வளர்ந்ததும் கருத்துப்போய், தின்பதை நிறுத்திட்டு, காய்ந்த இடம் தேடித் தானே வெளியே ஏறி வரும். அதைப் பிடித்தால் கோழிக்கும் மீனுக்கும் தீனி. ஐரோப்பாவில் 2017-இல் மீன் தீவனத்திலும், 2021-இல் கோழி, பன்றித் தீவனத்திலும் பூச்சிப் புரதத்தை அனுமதிச்சாங்க. நம்மளை மாதிரி எச்சில் சோறு போட்டு வளர்த்த புழு மட்டும் அங்கே செல்லாது!

ஜூலையில் ஒரு பிறந்தநாள். மிஞ்சிய அரை குக்கர் சாம்பார் சாதத்தை அப்படியே கொட்டிட்டேன். ரெண்டே நாளில் தண்ணி கட்டி, குடலைப் பிடுங்குற நாற்றம். ஈரமான சுவரில் ஏறிப் புழுக்கள் பக்கத்து வீட்டு வேலி வரைக்கும் ஊர்வலம். "தொட்டி போகணும், இல்லேன்னா நீங்க போகணும்"னு வீட்டுக்காரம்மா சொல்லிட்டாங்க. கெஞ்சி ஒரு வாரம் தவணை வாங்கினேன். அடியில் ஓட்டை போட்டுத் தண்ணியை வடித்து, கிழிச்ச அட்டையும் மரத்தூளும் கலந்தேன். போட்டது தீர்ந்தால்தான் அடுத்தது என்று கணக்கு. நாற்றம் அடங்கிடுச்சு.

அந்தக் கணக்குக்காகத்தான் போடுவதைத் தினமும் நிறுக்க ஆரம்பித்தேன். நாலு பேருக்கு ஒரு வாரத்தில் 6 கிலோ! அதில் பாதிக்கு மேல் தோல் இல்லை, நல்ல சோறு. சிங்க்கில் இருக்கிற அரைக்கிற மெஷினில் தள்ளிவிட்ட வரைக்கும் கண்ணிலேயே படலை. புழுவைப் பார்த்தப்ப வராத அருவருப்பு அன்னிக்குத்தான் வந்தது.

இப்போ ரெண்டு டம்ளர் அரிசிக்கு மேல வைக்கிறதில்லை. டம்ளரை அளந்து போடுவது, அன்னிக்குச் சாப்பிடாமல் படுத்தானே, அவன்தான். தொட்டியில்தான் கொஞ்சம் பஞ்சம்.