வங்கி 'அவுட்ஸ்டாண்டிங்' என்றால் பாராட்டு அல்ல!

பிள்ளையின் ரேங்க் கார்டில் 'அவுட்ஸ்டாண்டிங்' என்று இருந்தால் வீடே குதூகலிக்கும். அதே சொல் கடன் ஸ்டேட்மென்ட்டில் இருந்தால், இன்னும் கட்ட வேண்டிய பாக்கி என்று அர்த்தம். பள்ளியில் 'பிரின்சிபல்' தலைமையாசிரியர். வங்கியில் அசல் தொகை. 'செக்யூரிட்டி' என்பது வாசலில் நிற்கும் காவலர் அல்ல. கடனுக்கு ஈடாக வைக்கும் சொத்து.

நிதி ஆங்கிலத்தில் நம்மைக் கவிழ்ப்பவை இப்படித் தெரிந்த முகத்தோடு வரும் சொற்கள்தான். தெரியாத சொல் என்றால் யாரிடமாவது கேட்போம். தெரிந்தது போல இருந்தால் கையெழுத்தே போட்டுவிடுவோம்!

ஒரு சொல்லுக்கு 5,000 ரூபாய்

ஒரு லட்சம் ரூபாய் கடன், 12 சதவிகித வட்டி, ஒரு வருடத் தவணை. 'ஃப்ளாட் ரேட்' என்றால் வட்டி 12,000 ரூபாய். 'ரெட்யூஸிங் பேலன்ஸ்' என்றால் சுமார் 6,600 ரூபாய்தான். முதல் முறையில், அசல் மாதாமாதம் குறைந்தாலும் வட்டி முழு ஒரு லட்சத்துக்கும் போடப்படுகிறது. 12 சதவிகிதம் என்று சொல்லப்பட்டாலும், உண்மையில் அது 21 சதவிகிதத்தைத் தாண்டுகிறது.

இந்த நான்கில் கவனம்!

* கேரன்ட்டர்: 'சும்மா ஒரு ஷ்யூரிட்டி கையெழுத்து' என்பார்கள். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால், முழுத் தொகையையும் கேரன்ட்டரிடம் கேட்க வங்கிக்குச் சட்டப்படி உரிமை உண்டு.

* மோரட்டோரியம்: தவணைக்குத்தான் விடுமுறை. பெரும்பாலான கடன்களில் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். கல்விக் கடன் வாங்குவோர் இதைக் கேட்டுத் தெளிவது அவசியம்.

* ஃபோர்குளோஷர்: நம் ஊர் வங்கிகளில், கடனை முன்கூட்டியே முடிப்பது. அமெரிக்கச் செய்திகளில் இதே சொல், தவணை கட்டாத வீட்டைப் பறிமுதல் செய்வது.

* ஃப்ரீ லுக் பீரியட்: புதிய ஆயுள் காப்பீட்டு பாலிசி பிடிக்காவிட்டால், ஆவணம் கைக்கு வந்த 30 நாள்களுக்குள் திருப்பித் தரலாம். சில பிடித்தங்கள் போக பிரீமியம் திரும்பக் கிடைக்கும்.

எப்படிக் கற்பது?

அகராதியை 'ஏ'யில் தொடங்கி மனப்பாடம் செய்தால் பத்தே நாளில் சலித்துவிடும். உங்கள் பாஸ்புக், சம்பளச் சீட்டு, இன்ஷூரன்ஸ் பாலிசி ஆகியவைதான் சிறந்த பாடப்புத்தகங்கள். அவற்றிலிருந்து தினம் ஒரு சொல் எடுத்தால் போதும்.

சொற்களை ஜோடியாகப் படிப்பது மனதில் நிற்கும். கிராஸ் – நெட், அசெட் – லயபிலிட்டி, ஃபிக்ஸட் – ஃப்ளோட்டிங் என எதிரெதிராக வைத்துப் பாருங்கள். சொல்லின் வேரும் கைகொடுக்கும். 'மார்ட்கேஜ்', 'அமார்டைசேஷன்' இரண்டிலும் ஒளிந்திருப்பது 'மரணம்' என்ற பொருள் தரும் பழைய லத்தீன் வேர். முன்னது அடமானம். பின்னது, கடனைத் தவணை தவணையாகத் தீர்த்து முடிப்பது, அதாவது கடனின் 'மரணம்'! இனி மறக்காது.

கேட்பது உங்கள் உரிமை

வீட்டுக் கடன், தனிநபர் கடன் போன்றவற்றுக்கு, மொத்தச் செலவையும் ஆண்டுச் சதவிகிதமாகக் காட்டும் 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2024 அக்டோபர் 1-க்குப் பிறகான புதிய கடன்களுக்கு இது கட்டாயம். அதுவும், கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்.

அதனால், 'இதைத் தமிழில் தர முடியுமா?' என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஒரு வரியை உங்கள் சொந்த வார்த்தையில் வீட்டில் இருப்பவருக்குச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியவில்லையா? பேனாவைக் கீழே வையுங்கள்!