சைக்கிள் சீட் தரும் வலி: சொல்லக் கூச்சம் வேண்டாம்

கெங்குவார்பட்டியிலிருந்து தேவதானப்பட்டி வழியாகப் பெரியகுளம் செல்லும் சாலையிலும், மஞ்சளாறு அணைப் பக்கமும் காலை வேளையில் சைக்கிள் மிதிப்போர் பலர். பதினோராம் வகுப்பில் அரசு வழங்கிய சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் ஒருபுறம். சர்க்கரை நோய்க்காகவோ இரத்த அழுத்தத்திற்காகவோ மருத்துவர் சொல்லி ஐம்பது வயதில் மீண்டும் சைக்கிள் ஏறியவர்கள் மறுபுறம். இவர்களுள் சிலர் இரண்டாவது வாரத்திலேயே நிறுத்திவிடுகின்றனர். காரணம் கேட்டால் நேரமில்லை என்கின்றனர். சற்றுப் பொறுமையாகக் கேட்டால்தான் உண்மை வெளிவருகிறது: உட்காரும் இடத்தில் வலி, அதைப் பிறரிடம் சொல்லக் கூச்சம்.

இந்த வலி பெரும்பாலும் சில நாள்களில் தணிந்துவிடும். பெருமளவு தவிர்க்கவும் முடியும். ஆனால் மறைத்து வைத்தால் இரண்டு விதமான இழப்பு நேரலாம். உடலுக்கு நன்மை தரும் ஒரு பழக்கம் நின்றுபோகும். அல்லது சிறு கொப்புளமாக இருந்தது அறுவைச் சிகிச்சை தேவைப்படும் கட்டியாக வளரும். எனவேதான் இதனை வெளிப்படையாக எழுதுகிறோம்.

வலி எந்த வகை?

முதல் வகை எலும்பு வலி. நாம் உட்காரும்போது இடுப்பெலும்பின் அடியில் இருபுறமும் உள்ள இரண்டு முனைகள் உடலின் எடையைத் தாங்குகின்றன. புதிதாக ஓட்டுவோருக்கு அவற்றின் மேலுள்ள தசையும் தோலும் இச்சுமைக்குப் பழகியிரா. முதல் ஓரிரு வாரங்களில் அடிபட்டது போன்ற வலி தோன்றிப் படிப்படியாகக் குறையும். தொடக்கத்தில் 15 அல்லது 20 நிமிடம் மட்டும் ஓட்டி, இடையில் ஒருநாள் ஓய்வு கொடுத்து, நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் போதும்.

இரண்டாவது வகை உராய்வுப் புண். தொடை இடுக்கிலும் சீட் படும் இடத்திலும் தோல் சிவந்து எரியும். மூன்றாவது, மயிர்க்கால்களில் கிருமி புகுந்து உண்டாகும் கட்டி. நான்காவது, பிறப்புறுப்புப் பகுதியில் மரத்துப்போதல். பின்னைய மூன்றும் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டியவை அல்ல. காரணத்தைக் கண்டு மாற்ற வேண்டியவை.

சீட்டைச் சரிசெய்யுங்கள்

வீட்டில் இருக்கும் சைக்கிள் யாருக்காக வாங்கப்பட்டதோ அவர் உயரத்திற்கே சீட் வைக்கப்பட்டிருக்கும். மற்றவர் அதையே அப்படியே ஓட்டுவது வழக்கம். 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் ஓட்டக் கற்றனர். பெண்களுக்கான சைக்கிள்கள் போதாமல், பலர் ஆண்களின் சைக்கிளிலேயே பழகினர். எந்த சைக்கிளிலும் கற்றுக்கொள்ளலாம் என்பதற்கு அவர்களே சான்று. எனினும் நாள்தோறும் ஓட்டுவதற்கு, சைக்கிள் ஓட்டுபவரின் உடலளவுக்குப் பொருந்துவது நல்லது.

சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் அமருங்கள். பெடல் மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்தால் முழங்கால் இலேசாக மடிந்திருக்க வேண்டும். இதுவே ஏறக்குறையச் சரியான உயரம். சீட் அதிக உயரமாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இருபுறமும் ஆடி, தோல் உராயும். சீட்டின் மூக்குப் பகுதி மேல்நோக்கி இருந்தால் எடை எலும்பைவிட்டு மெல்லிய தசைகளின்மேல் அழுந்தி மரத்துப்போகும். ஆகவே சீட் மட்டமாக இருக்கட்டும். சைக்கிள் கடையில் ஒரு ஸ்பேனரைக் கொண்டு சில நிமிடங்களில் இதைச் செய்துவிடலாம்.

மெத்தென்ற தடித்த சீட் உறையை வாங்கினால் வலி தீரும் என்று பலர் நம்புகின்றனர். அளவுக்கு மீறிய மென்மையில் எலும்பு முனைகள் புதைந்து, நடுப்பகுதி மேலே அழுந்தும். அவ்விரு முனைகளையும் நன்கு தாங்கும் அகலமும் ஓரளவு உறுதியும் உள்ள சீட்டே ஏற்றது.

ஓடும்போதும் சில பழக்கங்கள் உதவும். வேகத்தடையிலும் பள்ளத்திலும் பெடல்மேல் எழுந்து நில்லுங்கள். பத்து நிமிடத்திற்கு ஒருமுறை சில நொடிகள் சீட்டைவிட்டு எழுங்கள். காட்ரோட்டிலிருந்து கொடைக்கானல் மலைச்சாலையில் ஏறிப் பார்க்கும் ஆசையைப் புதியவர்கள் சில மாதங்கள் தள்ளிவைப்பது நல்லது. ஏற்றத்தில் மெதுவாக, நெடுநேரம் அமர்ந்தே மிதிக்க நேர்வதால் எடை முழுவதும் ஒரே இடத்தில் தங்கும்.

வியர்வையும் உடையும்

ஈரமான தோல் எளிதில் உராய்ந்து புண்ணாகும். நடுவே தடித்த தையல் உள்ள ஜீன்ஸ், நனைந்து ஒட்டும் இறுக்கமான உள்ளாடை இரண்டையும் தவிருங்கள். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டையை உள்ளாடையின்றி நேரடியாக அணிய வேண்டும். ஒவ்வொரு முறையும் துவைத்து, நன்கு காய்ந்த பின்பே மீண்டும் அணிய வேண்டும். கிளம்பும் முன் தொடை இடுக்கில் வாசலின் சிறிது தடவினால் உராய்வு குறையும். திரும்பியதும் வியர்வை உடையுடன் உட்கார்ந்திராமல், மென்மையான சோப்பால் கழுவி, ஒற்றித் துடைத்து, உலர்ந்த உடை அணியுங்கள். அப்பகுதி முடியை மழிக்க வேண்டாம். வெட்டிய முடி உள்நோக்கி வளர்ந்து கட்டிக்கு வழிசெய்யும்.

தொடை இடுக்கில் வட்டமாகப் பரவி, ஓரம் தடித்து அரிப்பது உராய்வு அன்று. அது பூஞ்சையால் வரும் படையாக இருக்கலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். தடவியவுடன் அரிப்பு அடங்கும்; படையோ மேலும் பரவும். மருத்துவரிடம் காட்டிய பிறகே களிம்பு பூசுங்கள்.

சூட்டுக் கட்டி என்று விட்டுவிட வேண்டாம்

உட்காரும் இடத்தில் கட்டி வந்தால் உடற்சூடு என்று சொல்லி மோர் குடிப்பதும், சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசுவதும் நம் ஊர் வழக்கம். மோர் குடிப்பதில் தவறில்லை. ஆனால் கட்டிக்குக் காரணம் கிருமித் தொற்று. சுண்ணாம்பு, உராய்ந்த தோலை மேலும் பொசுக்கிவிடும்.

கட்டி சிறியதாக இருக்கும்போதே சைக்கிளை நிறுத்துங்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் நாளைக்கு மூன்று, நான்கு முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். அழுத்திப் பிதுக்குவதும் ஊசியால் குத்துவதும் கூடாது. இதற்கு ஓய்வு எடுப்பது பலவீனமன்று. 1987-இல் ஸ்பெயின் நாட்டின் புகழ்பெற்ற வுவெல்டா பந்தயத்தில் முதலிடத்தில் இருந்த அயர்லாந்து வீரர் ஷான் கெல்லி, பந்தயம் முடியச் சில நாள்களே இருந்தபோது, இத்தகைய கட்டியால் விலக நேர்ந்தது.

எப்போது மருத்துவமனைக்கு வர வேண்டும்?

இரண்டு மூன்று நாள் ஓய்விலும் கட்டி குறையாவிட்டாலும், சிவப்பு பரவினாலும், காய்ச்சல் வந்தாலும், ஆசனவாய் அருகே கட்டி தோன்றினாலும் தாமதமின்றி வாருங்கள். சர்க்கரை நோயாளிகள் மூன்று நாள் காத்திருக்க வேண்டாம். கட்டியைக் கண்ட அன்றே வாருங்கள். இரத்தச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குத் தொற்று விரைந்து ஆழமாகப் பரவி, உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்களுக்குத் தோலின் உணர்வும் குறைந்திருக்கக்கூடும் என்பதால், ஒத்தட நீரின் சூட்டை வீட்டில் வேறொருவர் தொட்டுப் பார்ப்பது நலம்.

மரத்துப்போதல் சைக்கிளைவிட்டு இறங்கிய சிறிது நேரத்தில் நீங்க வேண்டும். சீட்டைச் சரிசெய்த பின்னும் அது தொடர்ந்தாலோ, சிறுநீர் கழிப்பதிலோ தாம்பத்தியத்திலோ சிரமம் இருந்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். மலத்தில் இரத்தம் கண்டால் சீட் அழுத்தியதால் என்று நீங்களே முடிவு செய்யாமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தாருக்கு

சைக்கிளில் பள்ளி செல்லும் மகள் திடீரென்று பேருந்துக்குக் காசு கேட்டாலோ, நாள்தோறும் ஓட்டிய தந்தை காரணமின்றி நிறுத்திவிட்டாலோ, சோம்பல் என்று கடிந்துகொள்ளாமல் “சீட் வலிக்கிறதா?” என்று கேளுங்கள். தாயோ அக்காவோ தனியே கேட்டால் பிள்ளைகள் எளிதில் சொல்வார்கள். பெண் மருத்துவரிடம் காட்ட விரும்பினால், சீட்டுப் பதியும் இடத்திலேயே அதனைக் கேட்கலாம். காரணத்தை அங்கே விளக்க வேண்டியதில்லை.

தோல் முழுதும் ஆறிய பிறகே மீண்டும் ஏறுங்கள். முதல் நாள் பழைய நேரத்தில் பாதி மட்டும் ஓட்டுங்கள். கிளம்பும் முன் சீட்டின் உயரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.