திண்ணைக் குழந்தைகளும் கைவினை விளையாட்டுச் சாமான்களும்

தளவாய்புரம், முகவூர், செட்டியார்பட்டி முதலிய ஊர்களில் காலை வேளையில் தெருவழியே செல்வோர் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். நைட்டி தைக்கும் கூடங்களுக்கு விரையும் தாய்மார், இடுப்பிலிருக்கும் குழந்தையை அண்டை வீட்டுத் திண்ணையில் இறக்கிவிட்டுப் போகின்றனர். அத்திண்ணையில் அமர்ந்திருக்கும் மூதாட்டியார் ஒரு காலத்தில் தறியில் இருந்தவராகவோ, தார் சுற்றியவராகவோ இருப்பார். இன்று அவரைச் சுற்றி ஐந்தாறு குழந்தைகள். அவற்றுள் சொந்தப் பேரக்குழந்தை ஒன்றோ இரண்டோதான்.

இவ்வாறு பிறர் குழந்தையைக் காப்பதும் ஒரு தொழிலே என்பதை நாம் இன்னும் மனமார ஒப்புக்கொள்ளவில்லை. தறிக்கு நாடாவும் அச்சும் போல இத்தொழிலுக்கும் கருவிகள் உண்டு. அவையே விளையாட்டுச் சாமான்கள். கடையில் வாங்கிக் கொடுக்கும் வசதி அம்மூதாட்டியாருக்கு இல்லை. வாங்கத்தான் வேண்டும் என்பதும் இல்லை. 1945இல் மகாராஷ்டிரத்துப் போர்டி கிராமத்தில் பாலர் கல்விப் பணியைத் தொடங்கிய தாராபாய் மோடக் அம்மையார், விலையுயர்ந்த மாண்டிசோரி உபகரணங்களுக்குப் பதிலாக உள்ளூரில் எளிதில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே குழந்தைகளைப் பயிற்றினார். முற்றத்துப் பள்ளி என்னும் பொருளில் அவர் வளர்த்த ‘அங்கன்வாடி’ என்ற சொல்லே 1975 முதல் நாடெங்கும் வழங்கி வருகிறது.

ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். இந்நாட்டில் விற்கப்படும் விளையாட்டுச் சாமான்களுக்கு 2021 ஜனவரி முதல் தரமுத்திரை கட்டாயமாக்கப்பட்டது. வீட்டில் செய்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கும் பொருளைச் சோதிக்க அதிகாரி எவரும் வரமாட்டார். செய்தவரே சோதிப்பவராகவும் இருத்தல் வேண்டும்.

முதலில் தூளியைப் பற்றிக் கூறுகிறேன். அதுவே மிகப் பெரிய அபாயம் என்பது என் கருத்து. சேலையில் கட்டிய தூளி கைக்குழந்தை உறங்குவதற்கு உரியது. குழந்தையை எடுத்த பின்னர் வெறுமனே தொங்கும் தூளியைக் கண்டால் நான்கு வயதுப் பிள்ளைக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கும் அது ஊஞ்சல். உள்ளே தலையை நுழைத்துச் சுற்றுகிறார்கள். சேலை முறுக்கேறிக் கழுத்தை இறுக்குகிறது. கால் தரையில் பட்டுக்கொண்டிருந்தாலும் கழுத்து நெரிபடும். சில விநாடிகளில் நினைவு தப்பிவிடும். கூப்பிடக் குரல் வராது. அடுப்படியில் இருப்பவருக்கு அமைதியைத் தவிர வேறெதுவும் கேளாது. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் இத்தகைய மரணங்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஆதலால் குழந்தையைத் தூக்கியவுடன் தூளியை அவிழ்த்துவிடுக. அவிழ்க்க இயலாவிடில் சுருட்டி, பிள்ளைகள் ஏறி நின்றாலும் எட்டாதபடி உத்தரத்தின்மேல் போட்டுவிடுக. “இத்தனை பிள்ளைகளை இதில்தானே வளர்த்தோம்” என்று பெரியவர்கள் கேட்பர். வளர்த்தோம், உண்மைதான். அன்று தூளியருகே எப்போதும் ஒருவர் இருந்தார். இன்று ஆறு குழந்தைகளுக்கு ஒருவர்.

அடுத்தது விதைகள். பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் குன்றிமணி அழகானது. பல்லாங்குழிக்கும் கிலுகிலுப்பைக்கும் அதனை எடுத்துக் கொடுப்போர் உண்டு. உடையாத விதையை விழுங்கினால் கேடின்றி வெளியேறிவிடவும் கூடும். ஆயின் மென்றாலும், கோப்பதற்காகத் துளையிட்டாலும், ஓட்டினுள் இருக்கும் கொடிய நஞ்சு வெளிப்படும். ஆமணக்கு விதையும் காட்டாமணக்கு விதையும் நஞ்சே. புளியங்கொட்டையில் நஞ்சில்லை, ஆனால் அது மூக்கிலும் மூச்சுக்குழலிலும் போய் அடைக்கும். ஐந்து வயதில் அதனை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லப்பட்டவன் நான். இதனை அனுபவத்தால் கூறுகிறேன்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எப்பொருள் சிறியது என்று அறிய எளிய பரீட்சை ஒன்று உண்டு. தச்சரிடம் ஒரு பலகைத் துண்டில் 32 மில்லிமீட்டர் குறுக்களவில் ஒரு துளையும், 45 மில்லிமீட்டரில் மற்றொன்றும் போட்டு வாங்குக. சிறிய துளையில் நுழையும் சாமானும், பெரிய துளையில் நுழையும் பந்தும், கோலிக்குண்டும் அக்குழந்தைக்கு ஆகா. நடைவண்டியின் கடையாணியையும் இவ்வாறே பார்க்க வேண்டும். வண்டி பெரியதுதான், கழன்று விழும் ஆணி சிறியது. வீட்டில் கிடக்கும் பழைய பெயிண்டை அவ்வண்டிக்குப் பூசலாகாது. பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பெயிண்டே இன்றி, வழவழப்பாக இழைத்த மரம் எவ்விதத்திலும் குறைந்ததன்று.

பருத்தி பயிரிடும் அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. பூச்சிமருந்து டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் அதில் வண்டி செய்து கொடுக்கவேண்டாம். மணல் அள்ளவும் கொடுக்கவேண்டாம். நெசவாளர் இல்லங்களில் குழித்தறியின் குழியைப் பலகையிட்டு மூடுக. இரும்பு முனையுள்ள நாடா விளையாட்டுப் பொருளன்று. நூல் தீர்ந்த காகிதக் கோன்களோ மிக நல்லவை: அடுக்கலாம், தள்ளலாம், காதில் வைத்துப் பேசலாம். நைந்தால் எறிந்துவிடலாம்.

இவை அனைத்தினும் நமக்கு எளிதானது துணிப் பொம்மை. தையற்கூடங்களில் வெட்டுத்துணிக்குப் பஞ்சமில்லை. ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்து, ஒட்டாத துணியையே எடுக்கவும். கண்ணுக்குப் பொத்தான் வைக்கலாகாது. கறுப்பு நூலால் தைக்கவும். உள்ளே விதை நீக்கிய பஞ்சை அடைத்து, ஓரங்களை இரட்டைத் தையலிட்டு, நன்றாக இழுத்துப் பார்க்கவும். வாரம் ஒருமுறை துவைத்து வெயிலில் உலர்த்துக. பொம்மைக்கு நீண்ட நாடா கட்டி, அதனைக் குழந்தையின் கழுத்தில் மாட்டும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடவேண்டும்.

அகமதாபாத்தில், 1972இல் தோன்றிய சேவா பெண்கள் சங்கத்தைச் சார்ந்து, குழந்தை காப்போர் தமக்கென ‘சங்கினி’ என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துக்கொண்டனர். நாம் அவ்வளவு தூரம் இப்போதே செல்லாவிடினும், துளைப் பலகைகளையும் ஒரு மூட்டை வெட்டுத்துணியையும் சங்கத்தின் செலவில் திண்ணைதோறும் கொடுக்கலாமன்றோ? நிர்வாகக் குழுவினர் இதனைப் பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன். 108 என்ற ஆம்புலன்ஸ் எண்ணையும் அப்பலகையிலேயே எழுதிக் கொடுப்பது நலம்.

ஆடிக் காற்று தொடங்குமுன் ஒரு வேலை இருக்கிறது. வேப்பங்கிளையில் டயர் ஊஞ்சல் கட்டியிருப்போர் கயிற்றை இறக்கிப் பார்க்கவேண்டும். தேங்காய்நார்க் கயிறு வெளியே உறுதியாகத் தோன்றி உள்ளே உளுத்திருக்கும்; புரியைப் பிரித்துப் பார்த்தால் தூளாக உதிரும். டயரின் உட்புறத்தில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் அந்த டயர் வேண்டாம். நல்ல டயராயினும் அடியில் இரண்டு மூன்று துளைகள் இடுக. தேங்கிய நீரில்தான் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடுகிறது.