மார்கய்யாவின் தகரப் பெட்டி

போதும் என்ற கணக்கு – 9

மைசூரு தேவராஜ மொஹல்லாவின் நடுநாயகம் தேவராஜா மார்க்கெட். சயாஜிராவ் சாலையின் வாகன இரைச்சலை விட்டு உள்ளே நுழைந்து பூக்கடை வரிசைக்கு வந்தால், மைசூரு மல்லிகையைப் பந்து பந்தாகச் சுருட்டி வைத்திருப்பார்கள். கன்னடத்தில் ‘மொள’ என்பது நம்முடைய முழம். ‘மாரு’ என்பது இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளம். கடைக்காரர் சரத்தை விரல்நுனியிலிருந்து முழங்கை வரை இழுத்து அளப்பார். கத்தரித்து, இலைத் துண்டில் சுருட்டி நீட்டுவார். கூவல் உண்டு, பேரம் உண்டு. ஆனாலும் கேட்டது ஒரு முழமென்றால் கைக்கு வருவதும் ஒரு முழம்தான். வாங்குகிறவர் தனக்கு எவ்வளவு வேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டிய இடம் அது.

இன்று பூக்கூடைக்குப் பக்கத்திலேயே க்யூஆர் அட்டை நிற்கிறது. பணம் வந்து சேர்ந்ததைச் சின்னப் பெட்டியொன்று உரக்கச் சொல்கிறது. 2016-ல் தொடங்கிய யுபிஐ, 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் ஆயிரம் கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. வியாபாரிக்குச் சில்லறைத் தொல்லை ஒழிந்தது. அது பெரிய நன்மை. வாங்குகிறவரிடமிருந்து போனது ஒரு நொடி. பர்ஸைத் திறந்து, நோட்டை எண்ணி, மிச்சத்தைப் பார்த்து, “இது வேண்டுமா?” என்று மனம் கேட்கும் அந்த நொடி.

அந்த நொடிக்கு விலை உண்டு. அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த ட்ரேஸன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2001-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களிடம் கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டை ஏலத்தில் கேட்கச் சொன்னார்கள். ஒரு குழு ரொக்கமாகத் தர வேண்டும், இன்னொரு குழு கிரெடிட் கார்டில் தரலாம். கார்டுக்காரர்கள் கேட்ட விலை ரொக்கக்காரர்கள் கேட்டதைப் போலச் சுமார் இரண்டு மடங்கு. டிக்கெட் ஒன்றுதான், பணம் கையை விட்டுப் போகும் விதம்தான் வேறு. யுபிஐ பெரும்பாலும் கடன் இல்லை என்பது உண்மை. ஆனால் நோட்டு கைமாறும்போது வரும் சுருக்கென்ற உணர்வு அதிலும் இல்லை.

இதே மைசூரில், கையில் வந்த ஒவ்வொரு அணாவையும் எண்ணிய ஒரு தமிழர் இருந்தார். ஆர்.கே. நாராயண். 1906-ல் சென்னையில் பிறந்தவர். அப்பா மைசூரில் தலைமையாசிரியர். 1930-ல் மகாராஜா கல்லூரியில் பட்டம் பெற்றபின் பள்ளி ஆசிரியர் வேலை கிடைத்தது. உடற்பயிற்சி ஆசிரியருக்குப் பதிலாகப் போய் நிற்கச் சொன்னார்கள் என்று அதை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தார். முதல் ஆண்டு எழுத்தில் வந்த வருமானம் ஒன்பது ரூபாய் பன்னிரண்டு அணா. ஆண்டு முழுவதற்கும் அவ்வளவுதான்! கல்யாணமான பிறகு ‘ஜஸ்டிஸ்’ என்ற சென்னைப் பத்திரிகைக்கு மைசூரு நிருபரானார். 1935-ல் ‘சுவாமியும் நண்பர்களும்’ நாவல் வந்த பிறகும் நிலைமை உடனே மாறிவிடவில்லை.

இன்று ‘பொருளாதார விடுதலை’ என்கிறோம். தன் நாளைத் தானே செலவு செய்யும் உரிமை என்பதுதான் அதன் பொருள். கோடிகள் வந்து சேரும்வரை காத்திருக்காமல், செலவைச் சின்னதாக வைத்துக்கொண்டு அந்த உரிமையை முதலிலேயே எடுத்துக்கொண்டவர் நாராயண்.

ஆனால் அதைத் தனிமனித சாகசமாகச் சொன்னால் பொய்யாகிவிடும். அவருக்குக் கூட்டுக் குடும்பம் இருந்தது, அப்பாவின் வருமானம் இருந்தது. பெரிய வீட்டின் அடுப்படி வேலையை வீட்டுப் பெண்கள் சுமந்தார்கள். 1937-ல் அப்பா இறந்ததும் கை நெருக்கடியானது. மைசூரு அரசு தந்த எழுத்துப் பணியை ஏற்றார். ‘மைசூர்’ என்ற பயண நூல் அப்படிப் பிறந்தது. குறைவாகச் செலவழிப்பது ஒருவரைக் கொஞ்ச தூரம் தாங்கும். அதற்கப்புறம் வருமானம் வேண்டும், அல்லது சேமிப்பு வேண்டும். சிக்கனத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

பணத்தின் ருசியையும் வலியையும் அறிந்த அந்த மனிதர் 1952-ல் எழுதிய நாவல் ‘தி ஃபைனான்ஷியல் எக்ஸ்பர்ட்’. அவருடைய கற்பனை ஊரான மால்குடியில் நில அடமான வங்கிக்கு எதிரே ஆலமரத்தடியில் தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறான் மார்கய்யா. விவசாயிகளுக்குக் கடன் விண்ணப்பம் பூர்த்தி செய்து தருவது தொழில். அவனுடைய கணக்கு நோட்டை மகன் பாலு சாக்கடையில் எறிகிறான். அங்கிருந்து மார்கய்யாவுக்குப் பணத்தின் மேல் வெறி பிடிக்கிறது. ஒரு புத்தகம் வெளியிட்டுச் சம்பாதிக்கிறான். பிறகு ஊராரிடம் இருபது விழுக்காடு வட்டி என்று சொல்லி டெபாசிட் வாங்குகிறான். புதிதாக வரும் பணத்தில் பழையவர்களுக்கு வட்டி. வீடெங்கும் நோட்டுக்கட்டு. ஒரு நாள் ஒரு வதந்தி கிளம்ப, வாசலில் கூட்டம் கூடுகிறது. எல்லாம் போகிறது.

எழுபது ஆண்டு கழித்து நம்மூரில் அதே கதை இன்னும் பெரிதாக நடந்தது. மாதம் 30 விழுக்காடு வரை வட்டி என்ற ஆசை காட்டி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலித்ததாக ஆருத்ரா நிறுவனத்தின் மீது 2022-ல் தமிழகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. அப்படிப் பணம் போடுகிறவர்கள் எல்லோரும் பேராசைக்காரர்கள் என்று சொல்வது அநியாயம். மகள் கல்யாணம், வீட்டுக்கடன், ஓய்வூதியமில்லாத முதுமை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பெரிய எண் எதிரே நிற்கிறது. அந்த எண்ணை எட்டக் குறுக்குவழி தேடுகிறார்கள். எண்ணையே சின்னதாக்க முடியும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கணக்குப் போட்டே பார்க்கலாம். வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-ல் ஒரு கணக்குச் சொன்னார்: முதல் ஆண்டு சேமிப்பில் 4 விழுக்காடு எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்பக் கூட்டிக்கொண்டே போனாலும் முப்பது ஆண்டு தாக்குப்பிடிக்கும். அதாவது ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு தேவை. நம் விலைவாசிக்கு அது காணாது, 30 மடங்காவது வைத்துக்கொள்வது நல்லது. மாதம் 40,000 ரூபாய் செலவாகும் குடும்பத்துக்கு அது 1 கோடியே 44 லட்சம். மலைப்பாகத்தான் இருக்கும்.

அந்தக் குடும்பம் மாதம் மூவாயிரத்தைக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யாரும் பார்க்காத ஓடிடி சந்தா, எதிர்க்கடை இட்லிக்கு டெலிவரிக் கட்டணம், நன்றாக ஓடும் போனை மாற்றியதற்கான தவணை, பீரோவில் உறை பிரிக்காமல் கிடக்கும் ஆஃபர் துணி. இவற்றிலேயே மூவாயிரம் கிடைத்துவிடும். தேவைப்படும் தொகை உடனே 10 லட்சத்து 80 ஆயிரம் இறங்குகிறது. மிச்சமான மூவாயிரத்தை மாதாமாதம் பிபிஎஃப் என்ற பொது வருங்கால வைப்பு நிதியில் போட்டால், 2020 ஏப்ரலிலிருந்து இருந்துவரும் 7.1 விழுக்காடு வட்டி அப்படியே நீடித்தால், 15 ஆண்டில் சுமார் ஒன்பதரை லட்சம். போட்ட பணம் 5 லட்சத்து 40 ஆயிரம்தான். ஒரே மூவாயிரம் இலக்கைக் கீழே இறக்குகிறது, சேமிப்பை மேலே ஏற்றுகிறது. சம்பளம் மூவாயிரம் உயர்ந்தால் இந்த இரட்டைப் பலன் வராது. அதற்கேற்பச் செலவும் உயர்ந்துவிட்டால் ஒற்றைப் பலன்கூட மிஞ்சாது.

மாதம் பன்னிரண்டாயிரத்தில் குடும்பம் நடத்துகிறவரிடம் இந்தக் கணக்கை நீட்டுவது கொடுமை. அவர் ஏற்கெனவே ஒரு முழம் பூவையும் யோசித்துத்தான் வாங்குகிறார். அவருக்குத் தேவை நல்ல கூலி, ரேஷன், மருத்துவக் காப்பீடு. இந்தத் தொடர் பேசுவது கையில் கொஞ்சம் மிச்சமிருந்தும் மாதக் கடைசியில் அது எங்கே போனதென்று தெரியாமல் விழிக்கிறவர்களிடம்.

அவர்கள் பூ வாங்குவதை நிறுத்த வேண்டியதில்லை. நாராயணும் இன்பங்களைத் துறந்த சாமியார் இல்லை. பின்னாளில் யாதவகிரியில் தமக்கென்று வீடு கட்டிக்கொண்டார். 2016 முதல் அது நினைவு இல்லமாக இருக்கிறது. ஆசைப்பட்ட ஒரு முழத்தைச் சொல்லி வாங்கலாம், சொல்லாத இரண்டு முழம் பையில் ஏறக் கூடாது. இருக்கும் சிக்கல் அவ்வளவுதான்.

இன்றிரவு போனில் கடந்த முப்பது நாள் யுபிஐ வரலாற்றைத் திறந்துவையுங்கள். பெயரும் தொகையும் ஒரு பழைய நோட்டில் கையால் எழுதுங்கள். எதற்குக் கொடுத்தோம் என்று நினைவுக்கு வராத வரிகளுக்கு நேரே மட்டும் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிகளின் கூட்டுத்தொகை என்னவென்று பார்த்து வையுங்கள். அடுத்த வாரம் அந்த எண்ணிலிருந்து தொடங்குவோம்.