மூலப் பதிவை அழிக்கும் முன்னர்

சோனி, பனசொனிக் ஆகிய நிறுவனங்கள் 2006ஆம் ஆண்டில் கூட்டாக அறிமுகப்படுத்திய ஏவிசிஎச்டி முறை, உயர்தெளிவு வீடியோவை நாடாவிலிருந்து விடுவித்தது. அதன் பின்னர் எத்தனையோ கலியாணங்களும் நிக்காஹ் வைபவங்களும் கலைவிழாக்களும் மெமரி கார்டுகளில் பதிவாகின. அவற்றைக் கணினியில் தொகுத்து முடிப்பவர்களில் பலர், எக்ஸ்போர்ட் என்னும் இறுதிப் படியில் முதலாவதாகத் தோன்றும் தெரிவையே அழுத்திவிடுகின்றனர். பின்னர் இடம் போதாதென்று மூலப் பதிவையும் அழித்துவிடுகின்றனர். முதலாவது தவறைத் திருத்தலாம்; இரண்டாவதைத் திருத்த வழியே இல்லை.

பால் முறை வழங்கிய இலங்கை போன்ற நாடுகளில் விற்பனையான அக்காலக் கமராக்கள் பெரும்பாலும் 1080/50ஐ என்ற வகையில் பதிவு செய்தன. ஒரு செக்கனுக்கு 50 அரைப்படங்கள் என்பது இதன் பொருள். ஓர் அரைப்படத்தில் ஒற்றை வரிகளும் அடுத்ததில் இரட்டை வரிகளும் அமையும். பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்கு இது பொருத்தமாக இருந்தது. கணினியோ கைத்தொலைபேசியோ முழுப்படத்தையே ஒரே நேரத்தில் காட்டுவது. ஆகவே இரு அரைப்படங்களை அப்படியே இணைத்துக் காட்டும்போது, அசையும் கையின் ஓரம் சீப்புப் பல் போலக் கிழிந்து தெரிகின்றது. இதனைக் கமராவின் குறை என எண்ணுவோர் உளர். அது எக்ஸ்போர்ட்டில் நேர்ந்த குறையே.

இதற்கான தீர்வு டீஇன்டர்லேஸ் என்னும் தெரிவு. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. செக்கனுக்கு 25 முழுப்படங்களாக மாற்றினால் அசைவின் பாதி விபரம் போய்விடும். 50 முழுப்படங்களாக மாற்றினால் அசைவு முழுமையாகத் தங்கும். மேடைப் பேச்சுக்கு 25 போதும். பரதநாட்டியத்துக்கும் உதைபந்தாட்டத்துக்கும் 50ஐத் தெரிவு செய்வதே முறை என்பது எமது கருத்து.

கனடாவிலுள்ள உறவினருக்கு அனுப்புவதால் அங்குள்ள முறைப்படி 30 படங்களாக மாற்ற வேண்டும் எனச் சிலர் நம்புகின்றனர். பழைய டிவிடி பிளேயர்களின் காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. இன்றைய கணினிகளும் கைத்தொலைபேசிகளும் 25ஐயும் 50ஐயும் தடையின்றி ஓட்டுகின்றன. 25ஐ 30 ஆக்கும்போது ஐந்து படங்களுக்கு ஒன்று இருமுறை வர நேர்வதால், நடப்பவர் இடையிடையே தயங்கி நடப்பது போலத் தோன்றும்.

அடுத்தது பிட்ரேட். 1080 வரிப் படத்துக்கு யூடியூப் பரிந்துரைக்கும் அளவு, 25 படங்களாயின் செக்கனுக்கு 8 மெகாபிட், 50 படங்களாயின் 12 மெகாபிட் ஆகும். 8 மெகாபிட் எனில் ஒரு மணித்தியாலத்துக்கு 3.6 ஜிகாபைட் பிடிக்கும். 12 எனில் 5.4 ஜிகாபைட். ஃபாற்32 முறையில் அமைந்த பென் டிரைவ் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்பதில்லை. பிரதி எடுக்கும்போது பாதியில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். யூடியூப் எதனையும் மீண்டும் சுருக்கியே வெளியிடுவதால், அதற்கு அனுப்பும் கோப்பில் சிக்கனம் காட்டுவது வீண். வட்ஸ்அப்பில் அனுப்புவதாயின் வீடியோவாக அன்றி ஆவணமாக இணைப்பது நன்று.

வேறொரு சிக்கலும் உண்டு. சில கமராக்கள் 1920க்குப் பதிலாக 1440 புள்ளி அகலத்தில் பதிந்து, காட்டும்போது விரித்துக் கொள்கின்றன. இதனைக் கவனியாது எக்ஸ்போர்ட் செய்தால் மணமகன், மணமகள் இருவருமே மெலிந்து நெடுத்துவிடுவர்!

டிவிடி வேண்டுமெனக் கேட்கும் மூத்தோர் இன்னும் இருக்கின்றனர். அவர்களுக்குக் கொடுக்கலாம். ஆயினும் பால் டிவிடியின் அளவு 720க்கு 576 மட்டுமே. உயர்தெளிவுப் பதிவின் புள்ளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றே அதில் எஞ்சும். அந்த டிவிடியை வைத்துக்கொண்டு மூலத்தை அழிப்பது, உறுதியின் மங்கிய போட்டோப் பிரதியை வைத்துக்கொண்டு உறுதியைக் கிழிப்பதற்கு ஒப்பாகும்.

மூலத்தைச் சேமிப்பதிலும் அவதானம் தேவை. நீண்ட பதிவைக் கமரா பல துண்டுகளாக்கியே கார்டில் எழுதுகின்றது. வீடியோக் கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுத்தால், துண்டுகள் சேருமிடத்தில் படமோ ஒலியோ கணப்பொழுது அறுபடக்கூடும். எனவே கார்டிலுள்ள ஃபோல்டர்கள் அனைத்தையும் அமைப்புக் குலையாமல் இரு வேறு வன்தட்டுகளில் பிரதி செய்து, இரண்டையும் திறந்து பார்த்த பின்னரே கார்டை வெறுமையாக்க வேண்டும்.