ஒகொனோமியாகி சாப்பிடப் போகிறோமா? கொஞ்சம் கவனிப்போம்!

ஜப்பானில் வாழும் நம் குடும்பங்கள் விடுமுறை நாட்களில் விரும்பிப் போகும் கடைகளில் ஒகொனோமியாகி கடையும் ஒன்று. 'ஒகொனோமி' என்றால் விருப்பம், 'யாகி' என்றால் சுட்டது. பார்ப்பதற்கு நம் ஊத்தப்பம் போலவே இருக்கும். கோதுமை மாவு, முட்டை, நறுக்கிய முட்டைக்கோஸ் ஆகியவற்றை ஒன்றாகக் கலந்து சுடுவது ஒசாகா முறை. அடுக்கடுக்காக வைத்து, நடுவில் நூடுல்ஸ் சேர்ப்பது ஹிரோஷிமா முறை.

சைவ உணவுக்காரர்களுக்கு: மேலே தூவும் மீன் சீவலான கட்சுவோபுஷியை வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. மாவையே பெரும்பாலும் மீன் சேர்ந்த 'தஷி' சாற்றில்தான் கரைக்கிறார்கள். சாஸிலும் இறைச்சி அல்லது கடல் உணவுச் சாறு இருக்கலாம். எனவே, மாவு கரைக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு: கோதுமை, முட்டை, இறால் மூன்றும் இங்கே ஒரே கல்லில் வேகின்றன. இறால் சேர்க்காத பண்டத்திலும் அதன் சாறு ஒட்டிக்கொள்ளலாம். பொட்டலத்தில் விற்கும் உணவில் இவற்றைக் குறிப்பிட வேண்டும் என்பது ஜப்பானியச் சட்டம். உணவகங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே "எபி அரெருகீ தெஸ்" (இறால் ஒவ்வாமை உள்ளது) என்று நாமே சொல்ல வேண்டும். கடும் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு இந்தக் கடைகளைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு: முட்டைக்கோஸ் நல்லதுதான். ஆனால் சாஸில் சர்க்கரையும் உப்பும் உண்டு. மயோனெய்ஸில் கொழுப்பு அதிகம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். "சோசு சுகுநமே" (சாஸ் குறைவாக) என்று கேட்டு வாங்கலாம். ஒசாகாவில் இதனுடன் சோறும் சேர்த்துத் தருவது உண்டு. மாவும் சோறும் ஒன்றாக வேண்டாம். ஒன்றை இருவர் பகிர்ந்துகொண்டால் வயிறும் நிறையும், அளவும் மீறாது.

நாமே சுடும்போது: பன்றி இறைச்சி சிவப்பு நிறம் மாறி உள்வரை வேக வேண்டும். பச்சை இறைச்சியைத் தொட்ட கரண்டியால் வெந்ததை எடுக்கக் கூடாது. மேசையில் பதித்த இரும்புக் கல்லுக்கு அருகில் சிறு குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள். சுட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். நெய், பற்பசை எதையும் தடவ வேண்டாம். கொப்புளம் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் செய்பவர்களுக்கு: பிரித்த மாவுப் பொட்டலத்தை வெளியே வைத்தால் கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணிகள் பெருகும். அந்த மாவில் செய்ததைச் சாப்பிட்டுக் கடும் ஒவ்வாமைக்கு ஆளானவர்கள் ஜப்பானில் உண்டு. சுட்டாலும் அந்த ஆபத்து நீங்குவதில்லை. ஆகவே இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, சீக்கிரம் பயன்படுத்துங்கள்.

கேட்டுச் சாப்பிடுவோம், அளவோடு சாப்பிடுவோம், நலமாக இருப்போம்!